ஏழையின் கைபேசிக்கு மட்டும் ஏன் பூட்டு?

2024 ஜூன் இறுதியில் ஜியோ, ஏர்டெல், வோடஃபோன் ஐடியா ஆகிய மூன்று தனியார் நிறுவனங்களும் அடுத்தடுத்து இரண்டே நாட்களுக்குள் கட்டண உயர்வை அறிவித்தன. மக்களவைத் தேர்தல் முடிந்து புதிய அமைச்சரவை பதவியேற்று மூன்று வாரங்கள்கூட ஆகியிருக்கவில்லை. ஜூலை முதல் வாரத்திலேயே உயர்வு நடைமுறைக்கு வந்துவிட்டது. போட்டி இருந்தால் விலை குறையும் என்று கால் நூற்றாண்டாகப் பாடம் நடத்தியவர்கள், போட்டியாளர்கள் மூவரும் ஒரே நேரத்தில் ஒரே திசையில் விலையை உயர்த்திய இந்த அதிசயத்துக்கு விளக்கம் எதுவும் தரவில்லை.

மக்கள் தங்களால் இயன்ற முறையில் பதில் கொடுத்தார்கள். அந்த ஜூலை மாதத்தில் மட்டும் பிஎஸ்என்எல் நிறுவனத்துக்கு 29 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் கூடின. மூன்று தனியார் நிறுவனங்களும் வாடிக்கையாளர்களை இழந்தன. இது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வெளியிட்ட கணக்கு. இந்த எதிர்ப்புக்கு மக்கள் கையில் இருந்த கருவி, எண்ணை மாற்றாமலேயே நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் உரிமை. 2010 நவம்பரில் ஹரியானாவில் தொடங்கப்பட்டு, 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் வந்த உரிமை அது. 2015 ஜூலையிலிருந்து மாநிலம் விட்டு மாநிலம் சென்றாலும் அதே எண்ணுடன் மாறலாம் என்று விரிவாக்கப்பட்டது. ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் போதும். பிடிக்காத நிறுவனத்திலிருந்து வெளியேறிவிடலாம்.

ஆனால் இந்த வாசல் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. நாட்டிலேயே மிக மலிவான கைபேசியை வைத்திருக்கும் மக்களில் ஒரு பெரும் பகுதியினர், விரும்பினாலும் வேறு நிறுவனத்துக்குப் போக முடியாதவர்கள். அவர்களது எண்ணுக்குச் சட்டப்படி அந்த உரிமை உண்டு; எண்ணைத் தாங்கியிருக்கும் கருவிக்குத்தான் இல்லை. வேறு நிறுவனத்தின் சிம் அட்டையை அதில் பொருத்தினால் அது வேலை செய்யாது. கைபேசி ஒரே நிறுவனத்தின் வலைப்பின்னலோடு பூட்டப்பட்டிருக்கிறது. நிறுவனம் மாற வேண்டுமென்றால் முதலில் புதிய கைபேசி வாங்க வேண்டும். நாள்கூலியில் பிழைக்கும் ஒருவருக்கு இதன் பொருள், நிறுவனம் மாறவே வேண்டாம் என்பதுதான்.

இந்தப் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது; ஏனென்றால் இது ஏதோ பெரிய தொழில்நுட்பத் தேவை என்ற மயக்கம் பலருக்கு உண்டு. ஒவ்வொரு சிம் அட்டையிலும் ஓர் அடையாள எண் பதிந்திருக்கும். அதன் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் குறிப்பவை. இந்தியாவுக்கு 404 அல்லது 405. அடுத்து வரும் இலக்கங்கள் எந்த நிறுவனம், எந்த வட்டம் என்று சொல்பவை. பூட்டப்பட்ட கைபேசியில் உள்ள மென்பொருள், சிம் செருகப்பட்டவுடன் இந்த இலக்கங்களைப் படித்து, தன்னிடமுள்ள பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கும். பட்டியலில் இல்லாத நிறுவனமென்றால் கதவை மூடிவிடும். கைபேசியின் வானொலிப் பகுதிக்கு எந்தக் குறையும் இருக்க வேண்டியதில்லை. மென்பொருளில் வைக்கப்பட்ட ஒரு கட்டளை மட்டுமே குறுக்கே நிற்கிறது. அதை வைத்தவர்களுக்கு, எடுக்கவும் பெரிய செலவு கிடையாது.

பூட்டு இருப்பது வாங்குபவருக்குப் பெரும்பாலும் கடைசியில்தான் தெரிகிறது. பழைய கைபேசி விற்கும் கடைகளில் பெட்டியும் இல்லாமல், விதிமுறைத் தாளும் இல்லாமல் கைமாறும் கருவிகளில் இது இன்னும் கொடுமை. சில நூறு ரூபாய் கொடுத்து வாங்கிய தொழிலாளி, தன்னுடைய சிம்மைப் போட்டுப் பார்த்த பிறகுதான் அந்தக் கைபேசிக்கு வேறொரு எசமானர் இருப்பதை அறிகிறார். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்து கொடுத்த விலையுயர்ந்த கைபேசியிலும் இதே அதிர்ச்சி நேர்வதுண்டு. அங்கே தவணைத் திட்டத்தில் வாங்கிய கருவி, தவணை முடியும் வரை அந்த நாட்டு நிறுவனத்தோடு கட்டப்பட்டிருக்கும். இப்படி மாட்டிக்கொண்டவர்களைக் குறிவைத்து, பூட்டை உடைத்துத் தருவதாகச் சொல்லும் ஒரு தனித் தொழிலே நடக்கிறது. மென்பொருளை மாற்றி எழுதும் அவசரத்தில் கைபேசியின் 15 இலக்க ஐஎம்இஐ எண் சிதைந்துபோனால் ஆபத்து வாடிக்கையாளருக்குத்தான். 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி அந்த எண்ணைத் திருத்துவது மூன்றாண்டு வரை சிறையும் 50 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கத்தக்க குற்றம். பூட்டுப் போட்டவர் மீது எந்தப் பிரிவும் பாயாது. ஆகவே பழைய கைபேசியை விலை பேசும்போது, இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் சிம் அட்டைகளைப் பொருத்தி, பேசியும் பார்த்துவிட்டுப் பணத்தை எடுப்பதே இப்போதைக்கு உள்ள ஒரே பாதுகாப்பு. பூட்டு இருப்பதை மறைத்து விற்ற கடைக்காரர் மீது 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

இந்தக் கதை இந்தியாவில் பழையது. 2003 ஜூலையில், அப்போது பிரிக்கப்படாமலிருந்த ரிலையன்ஸ் குழுமம் 501 ரூபாய் முன்பணத்தில் கைபேசி தரும் திட்டத்தை 'மான்சூன் ஹங்காமா' என்ற பெயரில் அறிவித்தது. ஐந்நூறு ரூபாயில் செல்போன் என்பது அன்று கனவுக்கும் அப்பாற்பட்ட செய்தி. கடைகளின் முன்னே வரிசை நின்றது. கொடுக்கப்பட்டவை சிடிஎம்ஏ வகைக் கைபேசிகள். பெரும்பாலானவற்றில் சிம் அட்டைக்கான இடமே கிடையாது. எண் கைபேசிக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது. பிடிக்கவில்லை என்றால் கைபேசியையும் சேர்த்தே தூக்கிப்போட வேண்டும். பின்னாளில் தனியார் சிடிஎம்ஏ சேவைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது அந்தக் கருவிகள் வெறும் பிளாஸ்டிக் துண்டுகளாயின. இதற்கு நேர்மாறான காட்சியை 2018 தொடக்கத்தில் தமிழ்நாடு கண்டது. ஏர்செல் நிறுவனம் திவாலாகி, கோபுரங்கள் ஊமையாகி, லட்சக்கணக்கானோர் தவித்தனர். ஆனால் அவர்களது கைபேசிகள் பூட்டப்படாதவை. எண்ணை மாற்றிக்கொள்ளத்தான் அலைந்தார்களே தவிர, கைபேசியை இழக்கவில்லை.

2017 ஜூலை 21 அன்று மும்பையில் நடந்த ரிலையன்ஸ் நிறுவனத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஜியோபோன் அறிவிக்கப்பட்டது. அதன் உண்மையான விலை பூஜ்யம் என்றார்கள். 1,500 ரூபாய் வைப்புத்தொகை. மூன்றாண்டு கழித்துக் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தால் பணம் திரும்ப வரும். செப்டம்பரில் விதிமுறைகள் வெளியானபோதுதான் பூஜ்யத்தின் முழு வடிவம் புலப்பட்டது. ஆண்டுக்குக் குறைந்தது 1,500 ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்தாக வேண்டும். செய்யாவிட்டால் கைபேசியைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு. வேறு நிறுவனத்தின் சிம் அதில் வேலை செய்யாது. அடுத்த ஆண்டு, பழைய கைபேசியைக் கொடுத்துவிட்டு 501 ரூபாய்க்கு ஜியோபோன் வாங்கிக்கொள்ளலாம் என்ற திட்டம் வந்தது. திட்டத்தின் பெயரும் அதே மான்சூன் ஹங்காமாதான். பதினைந்து ஆண்டுகளில் தொகையைக்கூட அவர்கள் மாற்றவில்லை. கைமாற்றத்தில் ஒப்படைக்கப்பட்ட பழைய கைபேசியோ, எந்த நிறுவனத்தின் சிம்மையும் ஏற்கக்கூடிய சாதாரண பட்டன் போன். திறந்த கருவியைக் கொடுத்துவிட்டுப் பூட்டிய கருவியை வாங்கி வந்தார்கள் மக்கள். பத்துக் கோடிக்கும் மேற்பட்ட ஜியோபோன்கள் விற்றிருப்பதாக 2021இல் நிறுவனமே பெருமையோடு அறிவித்தது.

2023 ஜூலையில் 999 ரூபாய்க்கு ஜியோபாரத் வந்தது. '2ஜி இல்லாத பாரதம்' என்பது முழக்கம். இணைய வசதியுள்ள கைபேசிகளிலேயே நாட்டில் மிகக் குறைந்த விலை இதுதான் என்று நிறுவனம் விளம்பரம் செய்தது. அதுவும் ஜியோவுக்கு மட்டுமே பூட்டப்பட்ட கைபேசி. விளம்பரத்தின் அந்த வாசகத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அது தேவைப்படும்.

நிறுவனத்தின் தரப்பில் ஒரு வாதம் உண்டு. அதை ஒதுக்கிவிடக் கூடாது. அடக்க விலைக்கும் குறைவாகக் கருவியைக் கொடுக்கிறோம், அந்த இழப்பை மாதக் கட்டணத்தில்தான் ஈடுகட்டுகிறோம், கைபேசியை வாங்கிக்கொண்டு மறுநாளே வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டால் இந்த விலையில் யாராலும் தர முடியாது என்பது அந்த வாதம். இன்னும் ஒன்றையும் சேர்த்துச் சொல்வார்கள்: 2024 கட்டண உயர்வின்போது ஜியோபோன், ஜியோபாரத் திட்டங்களின் கட்டணத்தை நாங்கள் தொடவில்லை. இரண்டும் உண்மையென்றே வைத்துக்கொள்வோம். இழப்பை ஈடுகட்ட எத்தனை மாதம் வேண்டும்? ஆறா, பன்னிரண்டா, இருபத்துநான்கா? ஈடான பிறகும் பூட்டு ஏன் தொங்குகிறது? வைப்புத்தொகையும் கட்டி, மூன்றாண்டு ரீசார்ஜும் செய்து முடித்தவரின் கைபேசி நான்காம் ஆண்டு ஏன் திறக்கவில்லை? கட்டணத்தைத் தொடவில்லை என்பதும் அந்த ஒரு முறைக்குத்தான். 2021 டிசம்பரில் ஜியோபோனின் 75 ரூபாய்த் திட்டம் 91 ரூபாயாக உயர்ந்தபோது, அதைக் கட்டிவந்தவர்கள் கோபித்துக்கொண்டு போவதற்கு எந்த இடமும் இருக்கவில்லை. ஏர்டெல் வாடிக்கையாளருக்குக் கிடைக்கும் நிதானம் அவருடைய வெளியேறும் உரிமையால் கிடைப்பது. ஜியோபோன் வாடிக்கையாளருக்குக் கிடைப்பது நிறுவனத்தின் தயவு. தயவு எந்த மாதத்திலும் திரும்பப் பெறப்படலாம்.

பூட்டுப் பிரச்சனை இந்தியாவில் ஒரு முறை விசாரணைக்கு வந்திருக்கிறது என்பது பலருக்கும் தெரியாது. அது ஏழையின் கைபேசி பற்றிய வழக்கு அல்ல. 2008 ஆகஸ்டில் ஐபோன் முதன்முறையாக இந்தியாவில் ஏர்டெல், வோடஃபோன் நிறுவனங்கள் வழியாக விற்பனைக்கு வந்தது. விலை முப்பதாயிரம் ரூபாய்க்கும் மேல். வாங்கியவர் எந்த நிறுவனத்தில் வாங்கினாரோ அந்த நிறுவனத்தின் சிம்மை மட்டுமே பயன்படுத்த முடியும். இது ஒரு பொருளோடு இன்னொன்றைக் கட்டாயமாகச் சேர்த்து விற்கும் செயல், ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்துவது என்று இந்தியப் போட்டி ஆணையத்தில் 2011இல் முறையிடப்பட்டது. 2013 மார்ச்சில் ஆணையம் அதைத் தள்ளுபடி செய்தது. ஆணையத்தின் தர்க்கம் கவனிக்கத்தக்கது. இந்திய ஸ்மார்ட்போன் சந்தையில் ஆப்பிளின் பங்கு மிகச் சிறியது. சேவை நிறுவனங்கள் எதுவும் சந்தையில் ஆதிக்க நிலையில் இல்லை. வாங்குபவருக்கு வேறு கைபேசிகள் ஏராளமாக உண்டு. ஆகவே போட்டிக்குக் குறிப்பிடத்தக்க பாதகம் இல்லை.

இதே அளவுகோலை இன்றைய கைபேசியின் மீது வைத்துப் பார்க்க வேண்டும். அன்று நாட்டில் பத்துக்கும் மேற்பட்ட சேவை நிறுவனங்கள் இருந்தன, இன்று நான்கு. அவற்றில் ஜியோவிடம் மட்டும் மொத்த இணைப்புகளில் சுமார் 40 விழுக்காடு. அன்று ஆப்பிளின் பங்கு மிகச் சிறியது. ஜியோபோன்களின் எண்ணிக்கை பத்துக் கோடிக்கு மேல். அன்று முப்பதாயிரம் ரூபாய் வைத்திருந்தவருக்கு வேறு கைபேசிகள் ஏராளமாக இருந்தன. இன்று 999 ரூபாய் வைத்திருப்பவருக்கு அந்த விலையில் வேறொன்று இல்லை என்று நிறுவனத்தின் விளம்பரமே சாட்சி சொல்கிறது. ஆணையம் எந்தக் காரணங்களுக்காக 2013இல் மனுவைத் தள்ளியதோ, அந்தக் காரணங்கள் ஒவ்வொன்றும் இன்று தலைகீழாகியிருக்கின்றன. போட்டிச் சட்டத்தின் கீழ் தானாக முன்வந்து விசாரிக்கும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு. யாரும் மனு கொடுக்கும் வரை காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

முப்பதாயிரம், அறுபதாயிரம் ரூபாய் கைபேசிகள் இன்று இந்தியாவில் பூட்டில்லாமலேயே விற்கப்படுகின்றன. சேவை நிறுவனத்தின் பூட்டு, விலைப்பட்டியலின் அடித்தட்டில்தான் எஞ்சியிருக்கிறது. இதே வரிசையில் இன்னொரு பூட்டும் வந்துகொண்டிருக்கிறது. கடன் தவணை தவறினால் கைபேசியைத் தூரத்திலிருந்தே முடக்கும் செயலிகளுக்கு ரிசர்வ் வங்கி அனுமதி தருவது பற்றிப் பரிசீலிப்பதாக 2025 செப்டம்பரில் செய்திகள் வெளியாயின. ரேஷன் கடையின் கடவுச்சொல்லும், வங்கியின் குறுஞ்செய்தியும், நூறுநாள் வேலையின் வருகைப் பதிவும், அங்கன்வாடிப் பணியாளரின் அன்றாடக் கணக்கும் கைபேசி வழியாகவே என்று ஆக்கிவிட்ட அரசு, அந்தக் கைபேசியின் சாவி யார் கையில் இருக்கிறது என்பதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

முதலாளித்துவ நாடுகளே இந்தப் பூட்டை உடைத்துவிட்டன என்பதுதான் வேடிக்கை. கனடாவில் பூட்டைத் திறப்பதற்குத் தனிக் கட்டணம் வசூலித்தே நிறுவனங்கள் 2016ஆம் ஆண்டில் 3 கோடியே 77 லட்சம் கனடிய டாலர் ஈட்டின. 2017 டிசம்பர் 1 முதல் அக்கட்டணம் தடை செய்யப்பட்டது. புதிய கைபேசிகளைப் பூட்டில்லாமலேயே விற்க வேண்டும் என்றும் அங்குள்ள ஒழுங்குமுறை அமைப்பு ஆணையிட்டது. பிரிட்டனில் 2021 டிசம்பரிலிருந்து பூட்டிய கைபேசி விற்பனைக்கே தடை. ஜப்பானிலும் அதே ஆண்டு அக்டோபரிலிருந்து பூட்டு கைவிடப்பட்டது. அமெரிக்காவில் நிலைமை அரைகுறை. 2013 ஜனவரியில், தன் சொந்தக் கைபேசியின் பூட்டை அனுமதியின்றித் திறப்பது காப்புரிமைச் சட்டப்படி குற்றம் என்ற நிலை வந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெள்ளை மாளிகைக்கு மனுவில் கையெழுத்திட்ட பிறகு, 2014 ஆகஸ்டில் அதைத் திருத்தச் சட்டம் இயற்றப்பட்டது. எங்கேயும் இதனால் எந்தத் தொலைத்தொடர்பு நிறுவனமும் மூடப்படவில்லை.

இந்தியாவில் இந்தக் கேள்விக்கு மற்ற நாடுகளில் இல்லாத ஒரு கூர்மை உண்டு. தனியார் நிறுவனங்கள் லாபமில்லை என்று கைவிட்ட மலைக் கிராமங்களிலும் வனப் பகுதிகளிலும் கோபுரம் அமைக்கும் பணி பொதுத்துறையின் தலையில்தான் விழுந்திருக்கிறது. சேவையே எட்டாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொண்டுசெல்லும் 26,316 கோடி ரூபாய்த் திட்டத்தை 2022 ஜூலையில் ஒன்றிய அமைச்சரவை ஏற்று, அதை பிஎஸ்என்எல் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. மக்கள் பணத்தில் எழும் அந்தக் கோபுரம் மட்டுமே இருக்கும் ஊரில், ஜியோவுக்குப் பூட்டிய கைபேசியை வைத்திருக்கும் ஆதிவாசிப் பெண் என்ன செய்வார்? தலைக்கு மேல் அலைவரிசை இருக்கும், கையில் கருவியும் இருக்கும், இரண்டும் சந்திக்காது. வான் அலைகள் பொதுச் சொத்து என்று 1995இலேயே உச்சநீதிமன்றம் கூறிவிட்டது. அந்தப் பொதுச் சொத்தை மக்கள் தொடுவதற்குத்தான் இங்கே தடை.

பிஎஸ்என்எல் நிறுவனத்தின் கையைக் கட்டிப்போட்டதையும் இந்தக் கணக்கிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. ஜியோ 2016 செப்டம்பரில் 4ஜி சேவையைத் தொடங்கியது. பிஎஸ்என்எல் 2020இல் விட்ட 4ஜி ஒப்பந்தப்புள்ளி அதே ஆண்டு ரத்து செய்யப்பட்டது. அந்த ஆண்டின் ஜனவரி இறுதியில், ஒரே நாளில், சுமார் 78,500 ஊழியர்கள் விருப்ப ஓய்வு என்ற பெயரில் வெளியேறியிருந்தனர். அதன் 4ஜி கோபுரங்களை நாடு தழுவிய அளவில் பிரதமர் தொடங்கிவைத்தது 2025 செப்டம்பர் 27 அன்று. இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளில்தான் கோடிக்கணக்கான பூட்டிய கைபேசிகள் மக்கள் கைகளில் சேர்ந்தன. பொதுத்துறையிடம் 4ஜி இல்லாத காலத்தில் விற்ற பூட்டு, பொதுத்துறையிடம் 4ஜி வந்த பிறகும் மக்களை அங்கே போகவிடாமல் தடுக்கிறது.

செய்ய வேண்டியது கடினமானதல்ல. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், ஒன்றை வாங்க இன்னொன்றை வாங்கியே ஆக வேண்டும் என்ற நிபந்தனையைக் கட்டுப்பாடான வணிக நடைமுறை என்றே வரையறுக்கிறது. ஒருதலைப்பட்சமான ஒப்பந்தங்களையும் நியாயமற்றவை என்கிறது. கைபேசிக் கருவிகள் எங்கள் அதிகார வரம்பில் இல்லை, சேவை மட்டுமே எங்கள் வேலை என்று டிராய் சொல்லக்கூடும். ஆனால் கருவியைப் பூட்டி விற்பவரே சேவைக்கான உரிமத்தையும் பெற்றவர். 2021 டிசம்பரில், குறைந்த தொகைக்கு ரீசார்ஜ் செய்பவர்களுக்கு வெளியேறும் குறுஞ்செய்தி வசதியே மறுக்கப்படுகிறது என்ற புகார் எழுந்தபோது, எந்தத் தொகைக்கு ரீசார்ஜ் செய்திருந்தாலும் அந்த வசதியைத் தர வேண்டும் என்று இதே டிராய்தான் உத்தரவிட்டது. அந்த உத்தரவின் நோக்கத்தைக் கைபேசியின் மென்பொருள் தோற்கடித்துக்கொண்டிருக்கிறது என்பது ஆணையத்துக்குத் தெரியாத செய்தியல்ல.

2023 தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் சேவை அங்கீகாரங்களுக்கு நிபந்தனை விதிக்கும் அதிகாரம் ஒன்றிய அரசிடம் இருக்கிறது. சலுகை விலைக் கைபேசியானால் பூட்டுக்கு அதிகபட்சம் ஆறு மாதம். அதன்பின் வாடிக்கையாளர் கேட்காமலேயே, கட்டணமின்றி, வலைப்பின்னல் வழியாகவே பூட்டு நீங்க வேண்டும். பெட்டியின் முகப்பில் அந்தந்த மாநில மொழியில், விலை அச்சிடப்படும் அதே அளவு எழுத்தில், இது பூட்டிய கைபேசி என்று குறிப்பிட வேண்டும். ஏற்கெனவே விற்றுத் தீர்ந்தவற்றில் ஆறு மாதம் கடந்தவை அனைத்தையும் நாள் குறித்துத் திறந்துவிட வேண்டும். நாடாளுமன்றத்தில் புதிய சட்டம் கொண்டுவர வேண்டிய தேவையில்லை. தொலைத்தொடர்புத் துறையின் ஒரு பக்க ஆணை போதும். அந்த ஆணை வெளியாகும் வரை, அடுத்த கட்டண உயர்வு எப்போது வந்தாலும், பிஎஸ்என்எல் அலுவலகத்தின் முன் நிற்கும் வரிசையில் இவர்களுக்கு இடமிருக்காது.